டி டிரைவைக் காணவில்லை

"என் பேரு அறிவரசன். வயசு இருபத்திரண்டு. அரியலூர்ல ஸ்டுடியோவுல வேல பாக்குறேன். எட்டாம் நம்பர் வூட்டு ரெங்கம்மாளோட மகன். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், இங்க மழை பெய்யுது. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னான். சொல்லச் சொல்ல எழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

பெற்ற தாய்க்கு அனுப்புகிற செய்தியில் பேரும் வயதும் எதற்கு என்று தோன்றும். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். படிக்கத் தெரியாது. செய்தி வந்த சத்தம் கேட்டால் லைன் வீட்டு வாசலில் அந்த நேரத்துக்கு யார் நிற்கிறார்களோ அவர்களிடம் போனை நீட்டிவிடுவாள். ஒரு நாள் எதிர்வீட்டுப் பிரவீணா படிப்பாள், ஒரு நாள் தண்ணீர் கேன் போட வந்தவர் படிப்பார். படிக்கிறவர் யார் என்று இவனுக்குத் தெரியாது. அதனால் முதலில் தான் யார் என்பதைச் சொல்லிவிடுவான். வயதைச் சேர்க்கச் சொன்னது அம்மாதான். சின்னப் பையன் என்று தெரிந்தால் பாவப்பட்டுக் கடைசிவரைக்கும் படிப்பார்களாம்.

அப்படியானால் குரலையே பதிந்து அனுப்பலாமே என்றால், அதுதான் கூடாது. அவன் குரலில் ஒரு இழை பிசகினாலும் அம்மா பிடித்துவிடுவாள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் நல்லா இருக்கலாம்.

அன்று காலை அவன் நல்லா இல்லை.

ஸ்டுடியோவின் பின்னறையில், படம் எடுக்கத் தொங்கவிட்டிருக்கும் நீலத் திரைக்குப் பின்னால்தான் அவனுடைய பாயும் பெட்டியும். திரையை ஒதுக்கினால் கம்ப்யூட்டர். அதில் எப்போதும் மூன்று டிரைவ் தெரியும். சி-யில் விண்டோஸ். ஈ-யில் ஆல்பத்துக்கு வேண்டிய பின்னணிப் படங்களும் பாட்டுகளும். டி-யில்தான் விசேஷங்கள். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அரியலூர் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் சிரித்ததும் அழுததும் பந்தியில் உட்கார்ந்ததும் எல்லாம் அதற்குள் இருந்தன. இன்றைக்கு சி இருந்தது, ஈ இருந்தது. நடுவில் இருக்கவேண்டியதைக் காணவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மறுபடி அணைத்துப் போட்டான். பிளக்கைப் பிடுங்கி, மனத்துக்குள் கல்லங்குறிச்சிப் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே செருகினான். சி, ஈ.

முதலாளி சிவசுப்பிரமணியன் சஷ்டி விரதத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தார். வீட்டம்மா சாந்தாவும் கூடப் போயிருந்தார். வருஷா வருஷம் போகிறவர்கள்தான். கோயிலிலேயே தங்கி, விரதம் முடியும்வரை முதலாளி போனைத் தொடமாட்டார். கிளம்பும்போது கடைச் சாவியையும் கேமரா பீரோ சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து இவன் கையில் கொடுத்தார். பாஸ்போர்ட் போட்டோ வந்தால் எடுத்துக் கொடு, ஜெராக்ஸ் வந்தால் போட்டுக் கொடு, ஆல்பத்தில் கை வைக்காதே, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னபடியே இவனும் டி பக்கம் போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மணிமொழி போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் போயிருக்கமாட்டான்.

மணிமொழி கல்லங்குறிச்சிக்காரர். தீபாவளிக்கு முந்தின முகூர்த்தத்தில் அவர் மகள் தென்றலுக்குக் கல்யாணம். படம் எடுத்தது இவர்கள்தான். மணிமொழியின் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. நாற்காலியோடு தூக்கி வந்து மேடையில் வைத்திருந்தார்கள். பெண் மாப்பிள்ளையோடு குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் அந்த மனிதர் திடீரென்று தன்னை நிற்க வைக்கச் சொன்னார். மச்சான்மார் இரண்டு பேர் பின்னாலிருந்து தாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களையும் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். நின்றார். வீடியோ கேமராவில் இருந்த முதலாளிக்கு மறைவாகிவிட்டது. ஸ்டில் கேமராவை வைத்திருந்த அறிவரசன்தான் அழுத்தினான். அடுத்த நொடி அவர் நாற்காலியில் விழுந்துவிட்டார். சுற்றி எத்தனையோ பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பிறகு பார்த்தால் எல்லார் போனிலும் இவன் முதுகுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு தடவை பக்கவாதம் வந்துவிட்டது. திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மணிமொழி போனில் சொன்னதை அவன் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு எந்திரிங்க எந்திரிங்கன்னு கெஞ்சுது தம்பி. நான் நின்னே எத்தன வருசமாச்சு, என்னய வுட்டுடுங்கங்கிறாரு. கல்யாணத்துல நின்னீங்களேன்னா, நீ பொய் சொல்றங்கிறாரு. அந்தப் படம் ஒண்ணு போட்டுக் குடுப்பா. மாத்துத் துணி எடுக்க வூட்டுக்கு வர்றேன். நாளைக்கு அந்தியில திருச்சி திரும்பறப்ப வந்து வாங்கிக்கறேன்."

வாங்க அக்கா, போட்டு வைக்கிறேன் என்றான். அது பெரிய வேலையே இல்லை என்று நினைத்துத்தான் சொன்னான்.

கேமராவின் கார்டில் இருக்குமா என்றால் இருக்காது. கல்யாணம் முடிந்த மறுநாளே அதை டி-க்கு மாற்றிவிட்டு, அடுத்த விசேஷத்துக்காகக் கார்டைத் துடைத்தது இவன் கைதான். அவர் நின்றார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி டி-க்குள் இருந்தது.

கைப்பேசியில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தான். அதில் ஒருவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து வேகவேகமாகப் பேசினார். அவர் காட்டிய இடத்தையெல்லாம் இவனும் தொட்டுக்கொண்டே போனான். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. அதில் சி என்று ஒரு நீலப் பட்டை, ஈ என்று ஒரு நீலப் பட்டை. இரண்டுக்கும் நடுவில் நீளமாக இன்னொன்று. அதில் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. வலது பொத்தானை அழுத்தினால் சிறிய பட்டியல் ஒன்று விரிந்தது. அதில் அவனுக்குப் பழக்கமான வார்த்தை ஒன்றுதான் இருந்தது. ஃபார்மேட். அதைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கார்டு மக்கர் செய்தால் அதைத்தானே செய்வோம். அம்புக்குறி அந்த வார்த்தைமேல் போய் நின்றது. கார்டை ஃபார்மேட் செய்தால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

இன்னொரு பயமும் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஸ்டுடியோவைக் கழுவி, கேமரா, லைட், லைட்டுக்குப் பிடிக்கும் குடை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே தூசி தட்டியவன் இவன்தான். தட்டியவன் சும்மா இருந்திருக்கலாம். விசேஷங்களையெல்லாம் சுமக்கிற ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பொட்டு இல்லாமல் போகலாமா என்று சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, கும்பிட்டும் விட்டான். முதலாளிக்கு அது தெரியாது. அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து உள்ளே போயிருக்குமோ? தானே கும்பிட்டுக் கொன்றுவிட்டோமோ?

பெரம்பலூரில் கலைவாணன் என்று ஒருவர் இருக்கிறார். முதலாளிக்கு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்ததும், கெட்டால் சரிபார்ப்பதும் அவர்தான். போன் போட்டான். இடி விழுந்து ஊரெல்லாம் மோடம் எரிந்து கிடக்கிறது, கடையை விட்டு நகர முடியாது, இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாமென்றால் உங்கள் கடை மோடமும் போய்விட்டது என்கிறாயே, சிபியுவைத் தூக்கிக்கொண்டு வா என்றார் அவர்.

ரிசப்ஷன் படங்களுக்குப் பின்னால் தொங்கவிடும் சிவப்பு வெல்வெட் துணிதான் கைக்கு அகப்பட்டது. அதில் சிபியுவைச் சுற்றி, மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டு, பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினான்.

கண்டக்டர் வந்தார். மடியில் இருந்ததைத் தட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, சாமி சிலையா?"

"சிபியுங்க."

"பட்டெல்லாம் கட்டி வெச்சிருக்க. எறங்குறப்ப பாத்து எறங்கு, சாமிக்கு அடிபட்டுடப் போவுது." லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே சிமென்ட் லாரிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. பேரளி தாண்டி இரண்டு பக்கமும் மக்காச்சோளம் மழையில் தலையைக் குனிந்து நின்றது. அப்பா இருந்தபோது, இதெல்லாம் நம்ம பக்கம் என்று சொல்வார். கீழப்பழுவூர் என்பது அவனுக்கு ரேஷன் கார்டின் பழைய நகலில் இருக்கிற ஒரு பெயர். பிறந்தது திருப்பூர். அங்கே பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அரியலூரான் என்று பெயர். ஆனியில் இங்கே வேலைக்கு வந்தான். இங்கே அவனுக்குப் பெயர் திருப்பூர்ப் பையன். பேச்சு இந்த ஊர்ப் பேச்சுதான், அம்மாவிடம் கற்றது. இருந்தும் டீக்கடையில் அவன் வாயைத் திறந்தால் ஒரு தலையாவது திரும்பும்.

டி போய்விட்டது என்று முதலாளி வந்து பார்த்தால் என்ன ஆகும்? அவர் கத்தமாட்டார். கத்துகிற ஆள் இல்லை. சாவி வளையத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். இந்த ஊரில் யாராவது அவனை நம்பி ஒன்றைக் கொடுத்தார்கள் என்றால் அது அந்தச் சாவி வளையம் மட்டும்தான்.

கலைவாணன் கடையில் கூட்டம் வாசல் தாண்டி நின்றது. ஆளாளுக்குக் கையில் ஒரு எரிந்த மோடம். அவர் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும், சிவப்புத் துணியைப் பார்த்ததும், சிபியுவை மேசைமேல் வைக்கச் சொன்னார். மூடியைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க்கில் சந்தனப் பொட்டு வெடித்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு வேல?"

"நான்தாண்ணே. ஆயுத பூஜைக்கு."

கலைவாணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்கங்கப்பா, இவன் டிஸ்க்குக்குச் சந்தனக்காப்பு சாத்தியிருக்கான்." எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் நகத்தால் அதைச் சுரண்டிவிட்டு, "வெளி மூடியிலதான வெச்ச? ஒண்ணும் ஆகாது. அடுத்த வருசம் பெட்டிக்கு மேல வெச்சுக்க" என்றார்.

பிறகு மானிட்டரை மாட்டிப் பார்த்தார். ஈ தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றான். டி-யும் ஈ-யும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன, டிஸ்க் செத்திருந்தால் ஈ எப்படித் தெரியும் என்றார். அப்படி ஒரு யோசனை தனக்கு வரவே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் பார்த்த அதே கட்டம் திரையில் விரிந்தது. அதே பெயரில்லாத பட்டை. அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி, ஃபார்மேட்டுக்கு மேலே இருந்த வேறொரு வரியைத் தொட்டு, ஒரு சின்னப் பெட்டியில் டி என்கிற எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒருவரிடம் மோடத்தை வாங்கிக்கொண்டே இதைச் செய்து முடித்துவிட்டார்.

டி வந்துவிட்டது. உள்ளே வரிசை வரிசையாக எல்லா விசேஷங்களும் இருந்தன. தென்றல் கல்யாணமும் இருந்தது.

"அவ்ளோதானாண்ணே?"

"அவ்ளோதான். உள்ள இருக்கறது அப்படியேதான் இருந்துச்சு. வாசல்ல பேர்ப்பலகைய மட்டும் கழட்டிட்டா விண்டோஸ் கண்ணுக்கு வூடே இல்லன்னு அர்த்தம். அதான் விசயம்."

"எப்படிண்ணே போச்சு? இடியாலயா?"

"இது தானா எங்க போவுது. யாரோ கையால எடுத்துவுட்டுருக்காங்க." அவர் ஒரு மோடத்தின் அடியைத் திருகிக்கொண்டிருந்தார். "உங்க சாருதான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். முன்னாடி பாலாஜின்னு ஒருத்தன் இருந்தான்ல அங்க. ஒரு பொண்ணோட கல்யாணப் படத்த எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சுட்டான். பொண்ணோட அண்ணன் தம்பிங்க கடைக்கே வந்துட்டானுவ. சாரு கால்ல வுழாத குறை. அப்பறம் அவர் வெளியூர் போறதா இருந்தா டி-ய மறைச்சு வெச்சுட்டுப் போவாரு. வந்து எழுத்தக் குடுத்துக்குவாரு."

"பாலாஜி போயி நாளாச்சேண்ணே."

"ஆமாமா. அப்பறம் அவர் தனியாத்தான இருந்தாரு, தேவப்படல. மறந்தும் போயிருக்கும். ஆடியில மறுக்கா போன் போட்டு, அது எப்படிய்யா பண்ணுறதுன்னு கேட்டாரு." திருகிக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்ப சேந்த?"

"ஆனியில."

கலைவாணன் மோடத்தை மேசைமேல் வைத்தார். கூட்டத்தில் ஒருவர் தன்னுடையது என்னாயிற்று என்று கேட்டதைக் காதில் வாங்காமல், "டீ குடிக்கிறியா?" என்றார்.

வேண்டாம் என்றான். எழுத்தைக் கொடுப்பதும் எடுப்பதும் எப்படி என்று மட்டும் இன்னொரு தடவை காட்டச் சொன்னான். அவர் காட்டினார். காட்டிவிட்டு, "சாரு நல்ல மனுசன்தான். சூடு பட்டவரு, அதான்" என்றார். அவன் தலையாட்டினான். சிபியுவைச் சிவப்புத் துணியில் சுற்றினான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மழை இல்லை. காலையில் வந்த பயம் போய்விட்டது. அது இருந்த இடம் காலியாகவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது ஞாபகம் வந்தது. பூர்வீகம் கீழப்பழுவூர் என்று இவன் சொன்னதும், எந்தத் தெரு என்றார். தெருப் பெயரைச் சொன்னான். "ம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, பேச்சில் குறை வைத்ததில்லை, கேமரா பீரோவின் சாவியையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தனை விலையுள்ள கேமராக்களை நம்பி விட்டவர், படங்களை நம்பி விடவில்லை. அது பாலாஜி செய்ததற்காகவா, வேறு எதற்காகவாவதா? அந்த "ம்"மை அவன் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது வெறும் "ம்"மாகவே இருந்தது. கேட்கவும் முடியாது. கேட்டால் இல்லை என்பார். அவர் இல்லை என்று சொன்னால் நம்புகிறானா இல்லையா என்பது அடுத்த கேள்வியாக வரும்.

தென்றல் கல்யாணம் முடிந்து கார்டைத் துடைப்பதற்கு முன்னால் அவன் எல்லாப் படத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தான். யாரும் சொல்லவில்லை. தானாகச் செய்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து சிபியுவை மாட்டி, படத்தைத் திறந்தான். அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி ஒரு பக்கம் தழைந்திருந்தது. வாய் கோணியிருந்தது. கண் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்தது. மச்சான்மார் கையை எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு, விழுந்தால் பிடிப்பதற்குத் தயாராக நின்றார்கள். தென்றல் கேமராவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய தாளில் போட்டு, ஓரம் வெட்டி, உறையில் வைத்தான்.

மணிமொழி துணிப் பையோடு வந்தார். உட்காரச் சொன்னதற்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். ஆனால் படத்தை வாங்கிப் பார்த்ததும் தானாக ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மச்சான்மாரின் கைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கை ஒட்டல பாரு. இந்தா, இந்தக் கையும் ஒட்டல. இப்ப என்னா சொல்றாருன்னு பாக்குறேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாரா எடுத்தாரு?"

"நான்தாங்க்கா."

"நல்லாயிருப்ப. சாரு வரட்டும், சொல்றேன் அவருகிட்ட." பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "இதுலயும் ஏத்திவுடு தம்பி. தென்றலுக்கு அனுப்பறேன். பாத்தா அழுவா."

அறிவரசன் கையை நீட்டினான். போனைத் தொடுவதற்குள் கை நின்றுவிட்டது. படத்தில் கல்யாணப் பெண் இருக்கிறாள். பெற்ற தாய் கேட்கிறார், அவர் மகள், அவர் போன். இருந்தும் அவனால் வாங்க முடியவில்லை.

"அது சார் வந்துதாங்க்கா போட்டுக் குடுப்பாரு. நான் போடக் கூடாது."

"ஏன், இது என்னா பெரிய விசயமா?"

"கடையில அப்படித்தாங்க்கா வழக்கம்."

மணிமொழி அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். சரி என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படத்தை உறையோடு மார்பில் அணைத்தபடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். கூட்டத்தில் மறையும்வரை அவன் வாசலில் நின்றான்.

உள்ளே வந்தபோது டி திறந்தே இருந்தது. எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை பந்தி. அவன் வந்த பிறகு எடுத்ததில் பாதி அவன் கண் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. எந்தப் படத்திலும் அவன் இல்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து பார்க்கட்டும், தெரிந்துகொள்ளட்டும். மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்கலாம் என்று இன்னொரு நினைப்பு வந்தது. ஆனால் மணிமொழி சொல்லத்தான் போகிறார். சொன்னால் எங்கிருந்து எடுத்தான் என்ற கேள்வி வரும். திருடியதுபோல்தான் அது தோன்றும்.

நீலப் பட்டை இருக்கும் கட்டத்தைத் திறந்தான். வலது பொத்தான், அந்த வரி, டி, நீக்கு. உறுதியாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றான். சி இருந்தது, ஈ இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதலாளியே கூப்பிட்டார். பின்னால் ஒரே மேளமும் அரோகரா சத்தமும். சூரசம்காரம் முடிந்தது, நல்ல தரிசனம், கடை எப்படி இருக்கிறது என்றார். மோடம் போனதைச் சொன்னான். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களைச் சொன்னான். பிறகு அதையும் சொன்னான்.

"கல்லங்குறிச்சி மணிமொழி அக்கா வந்தாங்க சார். அவங்க வூட்டுக்காரர் நின்ன படத்த ஒண்ணு போட்டுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வேணும்னாங்க."

அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது.

"எங்கேருந்து எடுத்த?"

"டி-லேருந்து சார். காணாமப் போச்சுன்னு பயந்து கலைவாணன் அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். அவருதான் காட்டினாரு."

யாரோ ஒருவர் சிவசுப்பிரமணியனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர், இரு வர்றேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுபடி மூடிட்டியா?" என்றார்.

"மூடிட்டேன் சார்."

"சரி." எதையோ சொல்ல வந்ததுபோல் மூச்சு இழுத்தது கேட்டது. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"சரி, வந்து பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அவன் சாப்பிடவில்லை. மெஸ்ஸுக்குப் போகவேண்டும். எழுந்திருக்க மனமில்லை. தெருவில் ஒரு லாரி போனது, கடைக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. சாவி வளையம் மேசைமேல் கிடந்தது. அவர் அதைத் திருப்பிக் கேட்கமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்தது. நாளைக்கும் அது அவன் இடுப்பில்தான் இருக்கும். காலையில் அவன் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

அம்மாவுக்கு ஷிப்டு முடிந்திருக்கும். கூப்பிடலாம். கூப்பிட்டால், அலோ என்று சொல்வதற்குள் என்னடா ஆச்சு என்பாள். என்ன ஆச்சு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒன்றும் தொலையவில்லை. யாரும் திட்டவில்லை. ஒரு எழுத்தை எடுத்தார்கள், வைத்தான், மறுபடி எடுத்துவிட்டான். இதற்காகவா ஒரு மாதிரி இருக்கிறாய் என்பாள். தெருப் பெயரைக் கேட்டார் என்று சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டம்.

கைப்பேசியை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் மைக் தானாக அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினான். சொல்லச் சொல்ல எழுத்துகள் வந்து விழுந்தன. படித்துப் பார்க்காமலே அனுப்பினான்.

"இன்னிக்கி ஒரு படம் போட்டுக் குடுத்தேன். ஒருத்தர் நிக்கிற படம். நல்லா வந்துச்சு. அம்மாகிட்ட அதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல. இதப் படிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியல. அம்மா பக்கத்துல இல்லாட்டியும் பரவால்ல. படிச்சதும் நீங்க யாருன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க."